சென்னையின் பழைய கட்டடங்களுக்கு ஆண்டு விழா எடுப்பது எப்படி

ஒரு கோயிலில் குடமுழுக்கு நடந்தால், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே நட்சத்திரம் கூடும் நாளில் வருஷாபிஷேகம் செய்வது நம் ஊர்களில் மாறாத வழக்கம். எந்த நாளைக் கணக்கில் கொள்வது என்று அங்கே யாரும் குழம்புவதில்லை. குருக்கள் முதல் வாசலில் பூக்கட்டுபவர் வரை எல்லோருக்கும் அந்த நாள் தெரியும். அதே தெருவில் நூறு ஆண்டுகளாக நிற்கும் நூலகத்துக்கோ, ரயில் நிலையத்துக்கோ, கல்லூரிக்கோ விழா எடுக்கலாம் என்று நாலு பேர் கூடிப் பேசத் தொடங்கினால், "எந்த நாளில்?" என்ற முதல் கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் அடிக்கல் நாட்டிய ஆண்டைச் சொல்வார், இன்னொருவர் திறப்பு விழா ஆண்டைச் சொல்வார், மூன்றாமவர் அந்த நிறுவனம் தொடங்கிய ஆண்டைச் சொல்வார். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

சென்னையில் உள்ள ஒரு பழைய கட்டடத்துக்கு நூற்றாண்டு விழாவோ 150-ஆம் ஆண்டு விழாவோ எடுக்க விரும்பும் பழைய மாணவர்கள், ஊழியர்கள், வாசகர் வட்டத்தினர், தெருவாசிகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தலைநகரம் என்பதால் இங்கே கட்டடங்களும் மிகுதி, அவற்றைப் பற்றிய ஆவணங்களும் மிகுதி. பொறுமையாகத் தேடினால் பெரும்பாலான கட்டடங்களுக்குச் சரியான நாளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கட்டடத்துக்குப் பல பிறந்தநாள்கள்

முதலில் செய்ய வேண்டியது, நிறுவனத்தின் வயதையும் கட்டடத்தின் வயதையும் பிரித்து எழுதிக்கொள்வது. இந்த இரண்டும் கலந்துபோவதால் வரும் பிழைதான் சென்னையில் நான் அதிகம் பார்த்தது. உயர் நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் பணி தொடங்கியது 1862 ஆகஸ்ட் 15. இன்று நாம் காணும் சிவந்த செங்கல் மாளிகை திறக்கப்பட்டது 1892 ஜூலை 12. இரண்டுக்கும் இடையே முப்பது ஆண்டுகள். அதனால்தான் நீதிமன்றத்தின் 150-ஆம் ஆண்டு 2012-இலும், கட்டடத்தின் 125-ஆம் ஆண்டு 2017-இலும் வந்தன. அந்த மாளிகையின் கோபுரத்தில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்ட 1894 ஜூன் 1 என்ற நாளும், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசிய 1914 செப்டம்பர் 22 என்ற நாளும் சேர்ந்தால், ஒரே வளாகத்துக்கு நினைவுகூரத்தக்க நாள்கள் நான்கு ஆகின்றன. நான்கும் நல்ல நாள்களே. எந்த விழா எந்த நாளுக்குரியது என்பதை அழைப்பிதழிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாநகராட்சியும் அப்படியே. மாநகராட்சி பதவியேற்றது 1688 செப்டம்பர் 29. அது இன்று இயங்கும் ரிப்பன் மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1909 டிசம்பரில். ஹார்டிஞ்ச் பிரபு அதைத் திறந்துவைத்தது 1913 நவம்பர் 26. ஆகவே 2013 என்ற ஒரே ஆண்டில் நிறுவனத்துக்கு 325-உம் கட்டடத்துக்கு 100-உம் நிறைந்தன. இப்படி இரண்டு எண்கள் ஓராண்டில் அமைவது அபூர்வம். அமைந்தால் விட்டுவிடக் கூடாது.

சில வேளைகளில் கட்டடம் அதன் உரிமையாளரைவிட மூத்ததாக இருக்கும். அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடத்தின் வேலை 1953-இல் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கியது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்ததோ 1956-இல்தான். கட்டடம் 1959 ஆகஸ்ட் 23 அன்று திறக்கப்பட்டது. கழகத்தின் ஆண்டு விழாவையே கட்டடத்தின் ஆண்டு விழாவாகக் கொண்டால், கட்டத் தொடங்கியவர்களை மறந்தவர்களாவோம்.

அடுத்ததாக, கட்டடத்துக்கு மட்டுமே உரிய நாள்களை வரிசையாக எழுதுங்கள்: அடிக்கல், வேலை முடிவு, திறப்பு விழா, மக்கள் பயன்பாட்டுக்கு வந்த நாள். இவற்றில் திறப்பு நாளையே விழாவுக்குரிய நாளாகக் கொள்வது பொதுவாக நல்லது; கட்டடம் மக்களைப் பார்க்கத் தொடங்கிய நாள் அது. ஆனாலும் விதிவிலக்குகள் உண்டு. ராயபுரம் ரயில் நிலையம் 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு முன்னிலையில் திறக்கப்பட்டது. வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான ரயில் ஓடத் தொடங்கியது ஜூலை 1. கட்டடத்துக்கு விழா எடுப்பவர்கள் ஜூன் 28-ஐயும், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவைக்கு விழா எடுப்பவர்கள் ஜூலை 1-ஐயும் கொள்ளலாம். என்னைக் கேட்டால், ஜூன் 28 முதல் ஜூலை 1 வரை நான்கு நாள்களையும் சேர்த்தே நடத்திவிடலாம் என்பேன்.

தேவாலயங்களுக்குத் திறப்பைவிட, கடவுளுக்கென்று அர்ப்பணிக்கும் சடங்கான அர்ச்சிப்பு நடந்த நாளே முக்கியம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தின் வேலை 1678 மார்ச் 25 அன்று தொடங்கியது. அர்ச்சிப்பு நடந்தது 1680 அக்டோபர் 28. தொடக்க நாளைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அக்காலத்து ஆங்கிலேயக் கணக்கில் மார்ச் 25 மரியன்னை திருநாள் மட்டுமல்ல, ஆண்டுப் பிறப்பும்கூட. இதில் ஆய்வாளர்கள் அடிக்கடி சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1752-க்கு முந்தைய ஆங்கிலேய ஆவணம் ஒன்றில் ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள ஒரு நாள் வந்தால், அதில் எழுதியிருக்கும் ஆண்டுடன் ஒன்றைக் கூட்டினால்தான் நம் கணக்கு ஆண்டு கிடைக்கும். 1679 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நமக்கு 1680 பிப்ரவரி. அதே காலத்தில் ஆங்கிலேயரின் பழைய நாள்காட்டிக்கும் நாம் இன்று கொள்ளும் நாள்காட்டிக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு இருந்ததும் உண்மைதான்; ஆனால் அதைத் திருத்த முற்பட வேண்டாம். ஆவணத்தில் உள்ள மாதத்தையும் தேதியையும் அப்படியே கொண்டாடுவதுதான் எங்கும் உள்ள வழக்கம்.

கட்டடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் ஆண்டும் விழாவுக்குரியதாகலாம். கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் அந்த வட்டாரத்துக்கு நிலைத்திருக்கிறது. ஆனாலும் அங்கே ஆண்டுதோறும் பிப்ரவரியில் கொண்டாடப்படுவது 1897-இல் விவேகானந்தர் தங்கியிருந்த நாள்களையே. விவேகானந்த நவராத்திரி என்று அதற்குப் பெயர். கட்டடத்தின் பிறப்பு எப்படியிருந்தாலும், மக்கள் மனத்தில் அது எதனால் வாழ்கிறதோ அதற்கு விழா எடுப்பதில் தவறேதும் இல்லை.

கல்லைப் படிக்கும் முறை

நாளைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் கட்டடமேதான். வாசல் படிக்கட்டின் இருபுறம், முகப்பு மூலையின் கீழ்ப்பகுதி, மாடிப்படி திரும்பும் இடத்துச் சுவர், முகப்பு உச்சியின் முக்கோணம், வெளிவாசல் தூண்கள் ஆகிய ஐந்து இடங்களையும் முதலில் பாருங்கள். இரும்புத் தூண்களின் அடியில் வார்ப்புச் சாலையின் பெயரும் ஆண்டும் இருக்கக்கூடும். ஆனால் அது தூண் வார்க்கப்பட்ட ஆண்டே தவிர, கட்டடம் முடிந்த ஆண்டு அன்று.

பெரும்பாலான கற்கள்மேல் பல தலைமுறைச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அப்பியிருக்கும். அதைச் சுரண்ட வேண்டாம்; எழுத்துகளின் மேல் எண்ணெயோ மாவோ சாக்பீஸோ தடவவும் வேண்டாம். மாலை மங்கிய பிறகு ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள். கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் வெறும் வெள்ளைச் சுவராகத் தெரிந்த இடத்தில் பள்ளங்களில் நிழல் விழுந்து, எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். விளக்கை இடம், வலம், மேல் என்று மூன்று பக்கமும் மாற்றி மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும். வடசென்னையில் ஒரு பழைய சத்திரத்தின் திண்ணைச் சுவரில், பெயரே இல்லை என்று எல்லோரும் சொன்ன கல்லில், இப்படித்தான் முதலில் "உபயம்" என்ற சொல்லும், அதற்குக் கீழே ஓர் ஆண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. உடன் வந்திருந்த முதியவர் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஆண்டு தமிழ் எண்களில் இருந்தால் எழுத்து என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. ௧ என்பது க போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௲௮௱௭௰௬ என்று கண்டால், ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு என்று படித்து 1876 எனக் கொள்ள வேண்டும். ஆங்கிலக் கற்களில் ரோமன் எண்கள் வரும். அவற்றை இருவர் தனித்தனியாகப் படித்து ஒப்பிடுவது நல்லது, ஏனெனில் ஒரு கோடு உதிர்ந்தாலும் ஆண்டு மாறிவிடும்.

தமிழ்க் கற்களில் வழக்கமாக வரும் தொடர், "சாலிவாகன சகாப்தம் 1798-க்கு மேல் செல்லாநின்ற தாது வருஷம்" என்பது போன்றது. சக ஆண்டுடன் 78-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தை, மாசி போன்ற மாதங்களில் ஆங்கில ஆண்டு பிறந்துவிட்டிருப்பதால் 79-ஐக் கூட்ட வேண்டும். கலியாண்டு என்றால் 3101-ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலும் ஓராண்டு முன்பின் ஆவதற்கு இடமுண்டு. அதைத் தீர்த்துவைப்பது அறுபது ஆண்டுப் பெயர்தான். பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. அதிலிருந்து எண்ணினால் பத்தாவதான தாது 1876, 1936, 1996 என்று வரும். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது 1876-இல் தொடங்கியதைத்தான். சக ஆண்டும் ஆண்டுப் பெயரும் பொருந்தினால் ஆண்டு உறுதி. ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டு இடைவெளியில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், கட்டட வேலைப்பாட்டையும் கொடையாளியின் காலத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

சில கற்கள் ஆண்டை எண்ணாகவே சொல்வதில்லை. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய மசூதியில் உள்ள பாரசீகக் கல்வெட்டு இதற்கு மிக அழகான எடுத்துக்காட்டு. "திக்ருல்லாஹி அக்பர்" என்ற தொடரின் எழுத்துகளுக்குரிய எண் மதிப்புகளைக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும்: முதற்சொல்லுக்கு 920, அல்லாஹ் என்பதற்கு 66, அக்பர் என்பதற்கு 223, ஆக மொத்தம் ஹிஜ்ரி 1209. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1794 ஜூலை இறுதியில் பிறந்து 1795 ஜூலையில் முடிந்தது. மசூதியின் ஆண்டாக 1795 என்று வழங்குவது அதனோடு பொருந்துகிறது. அதை இயற்றியவர் நவாபின் அலுவலில் இருந்த ராஜா மக்கன் லால் என்ற இந்து. மசூதியின் ஆண்டு விழாவில் சொல்லாமல் விடக் கூடாத செய்தி இது. இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால், அதில் 100 ஆண்டு என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 97 ஆண்டுகளே. விழாவை எந்தக் கணக்கில் எடுப்பது என்பதை மசூதிப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும்.

கல் சொல்வதே இறுதி என்றும் கொள்ள முடியாது. மயிலாப்பூரை ஒட்டிய லஸ் தேவாலயத்தில் 1516 என்ற ஆண்டு பொறித்த கல் இருக்கிறது. அந்த ஆண்டைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கல் பின்னாளில் வைக்கப்பட்டிருக்கலாம், வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பதிக்கப்பட்டிருக்கலாம், பழுதுபார்த்த ஆண்டையே சொல்லியிருக்கவும் கூடும். அதனால்தான் காகிதச் சான்றும் தேவைப்படுகிறது.

காகிதச் சான்று

முதலில் பழைய செய்தித்தாள்கள், பிறகு அரசு ஆவணங்கள் என்ற வரிசையில் செல்லுங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 17-ஆம் நூற்றாண்டு முதலான பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அவை துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கப்பட்டிருப்பதால், எந்த ஆண்டுத் தொகுதி வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் போனால் நாள் முழுவதும் வீணாகிவிடும். கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களையும் நகரக் கையேடுகளையும் புரட்டி ஆண்டைச் சுருக்கிக்கொண்ட பிறகு, காப்பகத்தில் பொதுப்பணித்துறையின் அந்த ஆண்டு அரசாணைத் தொகுதியையும் அதன் அகரவரிசை அட்டவணையையும் கேளுங்கள். ஒப்பந்ததாரர் பெயர், மதிப்பீட்டுத் தொகை, வேலை முடிந்ததாகப் பொறியாளர் எழுதிய கடிதம் ஆகியவை அங்கேதான் கிடைக்கும். தமிழ் இதழ்களுக்கும் அழைப்பிதழ், துண்டு வெளியீடு போன்றவற்றுக்கும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நாடலாம்.

செய்தித்தாளைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். "நேற்று மாலை" என்றோ "சென்ற சனிக்கிழமை" என்றோ எழுதியிருக்கும் செய்தியைப் பார்த்துவிட்டு, தாளின் தேதியையே திறப்பு நாளாகக் குறித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். கிழமையைச் சரிபார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். அழைப்பிதழில் உள்ள தேதியும் போதாது. அழைப்பிதழ் அச்சான பிறகு விழா தள்ளிப்போவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நடந்தது என்று சொல்லும் சான்று ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று என்று இரண்டு கிடைத்தால் மனநிறைவோடு நாளை அறிவிக்கலாம்.

எண்ணுவதில் ஒரு சொல்

நூறாவது ஆண்டு வேறு, நூறு ஆண்டு நிறைவு வேறு. ரிப்பன் மாளிகையின் நூறாவது ஆண்டு 2012 நவம்பர் 26 அன்று தொடங்கியது. நூறு நிறைந்தது 2013 நவம்பர் 26 அன்று. தொடக்கம், நிறைவு என்ற இரண்டு சொற்களில் ஒன்றை அழைப்பிதழில் தவறாமல் சேருங்கள். 25 வெள்ளி விழா, 50 பொன் விழா, 60 வைர விழா, 75 பவள விழா என்பன எல்லோருக்கும் தெரிந்தவையே.

இனி வரவிருக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். இப்போதே வேலையைத் தொடங்க விரும்புபவர்களுக்குப் பயன்படும். புனித மேரி தேவாலயத்துக்கு 2030 அக்டோபர் 28 அன்று 350 ஆண்டு நிறைகிறது. ராயபுரம் நிலையத்துக்கு 2031 ஜூன் 28 அன்று 175. 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்துக்கு 2033-இல் 125. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள தேசியக் கலைக்கூடம் 1909 மார்ச் 23 அன்று திறக்கப்பட்டது. அதற்கு 2034-இல் 125. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று எல்.ஐ.சி. கட்டடத்துக்குப் பவள விழா. பிறகு 2039-இல் நகரத்துக்கே 400 ஆண்டு. அதற்கடுத்த ஆண்டு கோட்டைக்கு 400.

நாளும் மழையும் அனுமதியும்

சென்னையின் பெரிய கட்டடங்கள் பலவற்றின் நாள் வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுகிறது: புனித மேரி அக்டோபர் 28, ரிப்பன் நவம்பர் 26, கன்னிமாரா நூலகம் டிசம்பர் 5. திறந்தவெளிப் பந்தலை நம்பி இருக்க வேண்டாம். அந்த நாளில் கட்டடத்துக்குள்ளேயே, அரை மணி நேரத்தில் முடியும் எளிய நிகழ்ச்சி ஒன்றை நடத்தி விளக்கேற்றிவிட்டு, நடைப்பயணம், கண்காட்சி போன்றவற்றைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எழும்பூர், ராயபுரம் நாள்கள் ஜூன் வெயிலில் வருகின்றன. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. குறிப்பிட்ட நாள் அமையாவிட்டால், ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நகரெங்கும் நடக்கும் சென்னை தின நிகழ்ச்சிகளோடு இணைத்துவிடலாம். அப்போது கேட்பவர்களும் மிகுதியாக வருவார்கள்.

கோட்டை வளாகத்தில் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் நுழைவுக்கும் படமெடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ரயில் நிலையங்களுக்கு ரயில்வேயின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடமானால் மேடைக்கும் மின்விளக்குக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். ஆறு மாதம் முன்னதாகவே கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரை இட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு அஞ்சல் உறை வெளியிட எண்ணினால் அஞ்சல் துறையிடமும் அந்த அளவு முன்னதாகவே பேச வேண்டும்.

கட்டடத்துக்கு நோகாமல்

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விழா என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது வண்ணம் பூசுவது. பழைய கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை; சுவர் உறிஞ்சும் ஈரத்தை அந்தக் காரை வழியே வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பளபளக்கும் பெயிண்டும் ஏறினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இரண்டு மழைக்காலத்துக்குள் பூச்சு உப்பி, செங்கல் மாவாக உதிரத் தொடங்கும். சுண்ணாம்பு அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செங்கல் தெரியும் முகப்பாக இருந்தால் அமிலம் ஊற்றியோ மணலைப் பீய்ச்சியோ கழுவ வேண்டாம். செங்கல்லின் சுட்ட மேல்தோல் போய்விட்டால் திரும்ப வராது. தண்ணீரும் மென்மையான நார் தூரிகையும் போதும்.

மின்விளக்குத் தொங்கவிட ஆணி அடிப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். சுதை வேலைப்பாட்டில் ஓர் ஆணி இறங்கினால் ஒரு முழம் நீளத்துக்கு விரிசல் ஓடும். விளக்கைத் தரையில் நிறுத்தி மேல்நோக்கி ஒளி பாய்ச்சுவது கட்டடத்துக்கும் நல்லது, பார்வைக்கும் அழகு. மாடியில் கூட்டம் கூட்டுவதற்கு முன் கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கும் தளம், தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்காக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு இட்டு அமைத்தது. உத்திரத்தின் முனை சுவருக்குள் செல்லும் இடத்தில் ஈரத்தால் உளுத்திருந்தால் வெளியே தெரியாது. பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நூறு நாற்காலி போடக் கூடாது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் தீப்பற்றிய பிறகு, பழைய மரக்கூரைக்குக் கீழே தற்காலிக மின்கம்பி இழுப்பதை நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது. பட்டாசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் விழாவுக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள். பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். வேர் உள்ளே நின்றுவிட்டால் மறுபடி தழைக்கும். அடியோடு வெட்டி, வேரை மருந்திட்டு மடியச் செய்து, இடைவெளியைச் சுண்ணாம்புக் காரையால் அடைப்பதே முறை. விழாச் செலவில் இந்த ஒரு வேலை நடந்துவிட்டால் கட்டடத்துக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

புதுக் கல்வெட்டு வைக்க ஆசைப்படுவது இயல்பு. ஒரு பள்ளிக்கூடத்தில் நூற்றாண்டு நினைவாகப் பளிங்குப் பலகை ஒன்றைப் பழைய அடிக்கல்லின் மேலேயே ஒட்டிவிட்டிருந்ததைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் நின்றேன். எந்த நாளுக்காக அந்த விழா நடந்ததோ, அந்த நாளைச் சொல்லும் கல் உள்ளே புதைந்துவிட்டது. புதுப் பலகையைச் சுவரில் பதிக்காமல், தோட்டத்திலோ நடையிலோ தனி மேடையில் நிறுத்துங்கள். 1940-இல் நூற்றாண்டு கண்ட மாநிலக் கல்லூரி தன் கோபுரத்தில் நான்கு முகக் கடிகாரத்தைப் பெற்றது. முதல்வராக இருந்த பைசன் பெயரால் வழங்கும் அந்தக் கடிகாரம் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் பயன்பட்டது. நினைவுச் சின்னம் எழுப்பும் எண்ணமிருந்தால் அப்படி ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

கட்டியவர்களையும் அழையுங்கள்

அடிக்கல்லில் வைஸ்ராய் பெயரும் ஆளுநர் பெயரும் இருக்கும். கட்டியவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். எழும்பூர் நிலையத்தைக் கட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. விழா மேடையில் இப்பெயர்களை, அந்தக் கட்டடங்களை வரைந்த கலைஞர்களின் பெயர்களோடு ஒரே வரியில் சொல்லுங்கள். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1818-இல் அடிக்கல் நாட்டி 1821 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. நிலம் களிமண்ணாக இருந்ததால் அடியில் சுட்டமண் உறைகளால் கிணறுகள் இறக்கி அவற்றின் மேலேதான் அந்தப் பெரிய வட்டக் கூடம் நிற்கிறது. அந்தக் கிணறுகளுக்குள் இறங்கித் தோண்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கொத்தனார், தச்சர், சித்தாள் குடும்பங்களின் வழியில் ஒரு நினைவேனும் கிடைக்குமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கிடைக்காது, கிடைத்தால் அதுவே விழாவின் முதல் உரையாகட்டும்.

இன்றைக்குக் கட்டடத்தைக் காப்பவர்களையும் மறக்க வேண்டாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர், முப்பது ஆண்டு வாசலில் நின்ற காவலர், மழை ஒழுகும் இடமெல்லாம் அத்துப்படியான துப்புரவுப் பணியாளர் ஆகியோரிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் சேராமல், ஓர் அளவு நாடாவும் நோட்டும் கொடுத்து ஒரு சன்னலை மட்டும் அளந்து வரையச் சொல்லுங்கள்; ஒரு மணி நேரச் சொற்பொழிவில் தெரியாதது அந்த அரை மணியில் தெரிந்துவிடும்.

விழா முடிந்த வாரத்திலேயே, கல்லின் படங்கள், அதன் முழு வாசகம், ஒவ்வொரு நாளுக்கும் எந்தச் சான்று என்ற குறிப்பு, ஆவணத் தொகுதி எண், பதிவு செய்த பேச்சுகள், எடுத்த பழுதுபார்ப்பு வேலைகளின் விவரம் ஆகியவற்றை மூன்று படிகளாகக் கட்டி, ஒன்றைக் கட்டடத்தின் அலுவலகத்திலும் மற்றொன்றைப் பொது நூலகம் ஒன்றிலும் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குங்கள். மூன்றாவது படி குழுவில் வயதில் இளையவர் ஒருவரிடம் இருக்கட்டும்; அதன் முதல் தாளில், அடுத்த விழா எந்த ஆண்டு எந்த நாள் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.